நாற்பது கையெழுத்து

மேலாளர் உடல்மேல் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் விதிம்மா" என்றார்.

"விதி இல்ல சார். முட்டை" என்றாள் அவள்.

அழுதுகொண்டிருந்த நாத்தனார் மூக்கை உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

அவித்த முட்டைதான். அதிலும் பாதி. இருபது வருடம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, ஆளுயரப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கீறல் படாமல் வீடு திரும்பிய அவள் புருஷனை, நேற்று மதியச் சாப்பாட்டில் அது கொண்டுபோய்விட்டது.

"என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"உச்சந்தலையில தட்டினோம் அண்ணி" என்றான் கூட வேலை செய்பவன். "யாரோ நினைக்கிறாங்கன்னு..."

"நான்தான் நினைச்சேன். அப்புறம்?"

"தண்ணி குடுத்தோம்."

"மூச்சே போகாத தொண்டையில தண்ணி. அப்புறம்?"

அவன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"முதலுதவி அண்ணனைக் கூட்டிட்டு வாங்கடான்னு ஒருத்தன் கத்தினான். பழக்கதோஷம் அண்ணி, நானும் அண்ணன் வண்டிகிட்ட ஓடிட்டேன். காலி சீட்டைப் பார்த்த அப்புறம்தான் உறைச்சுது."

யாரும் சிரிக்கவில்லை. நடுக்கூடத்தில் படுத்திருந்தவர் மட்டும் எழுந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

போன வருடம் முதலுதவிப் பயிற்சிக்கு வந்ததாக நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போனவர் அவர் ஒருவர். மற்றவர்கள் போனால் லோடு நின்றுவிடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். 'அதான் அண்ணன் இருக்காரே' என்று மற்றவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அவள் மட்டும் என்ன கிழித்தாள்? பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து கட்டிக்கொண்டு, "நிஜமா அழுத்தமாட்டேன், சும்மா காட்டுறேன்" என்பார். "கூசுது, விடுங்க. வேலையைப் பாருங்க" என்று சோப்பு முழங்கையால் தள்ளிவிடுவாள். அவர் விடாமல் வாயாலேயே பாடம் நடத்துவார். வருடம் முழுக்கக் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

"சார், இவன் பின்னாடி போய் நில்லுங்க."

"இப்பவாம்மா?"

"நேத்தே நின்னிருக்கணும்."

மேலாளர் நின்றார்.

"இருமினா இருமவிடணும். இரும முடியலையா, குனிய வச்சு, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையால அஞ்சு அடி. தலையில இல்ல. அதுக்கும் வரலையா, பின்னாலிருந்து கட்டிப்பிடிச்சு, தொப்புளுக்கு மேல முஷ்டி. மேல இன்னொரு கை. உள்ள இழுத்து மேல தூக்கணும், அஞ்சு தடவை. இப்ப நிஜமா அழுத்தாதீங்க, சும்மா காட்டுங்க."

மேலாளரின் கை பயத்தில் அவன் நெஞ்சுக்குப் போனது.

"கீழ சார். இங்க." தன் வயிற்றில் முஷ்டியை வைத்துக் காட்டினாள்.

வாசலில் அமரர் ஊர்தியின் ஹாரன் கேட்டது. "வண்டி வந்தாச்சு" என்றாள் நாத்தனார் மெதுவாக.

"நிக்கட்டும். இன்னும் முப்பத்தொன்பது பேர் இருக்காங்க."

கிடங்கு ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வயிற்றில் வைத்த முஷ்டியை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவளது இன்னொரு கையும் அதன்மேல் வந்து பொத்திக்கொண்டது.