வாங்கிக்கொண்டே இருந்த தலைக்கவசக்காரன்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், மூக்குக்கண்ணாடி வில்லைகளைப் பிரேமுக்கு ஏற்றபடி விளிம்பு தேய்ப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தால் அவள் விளக்குக்காரி. ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒன்றாக ஆடும் ஒரு பழைய விளையாட்டில், குகைக்குள் போகிறவர்களுக்குக் கைவிளக்கு செய்து சந்தையில் விற்பாள். கணவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார், கிண்டலாக.

அந்த விளையாட்டு இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது அதிலுள்ள அரக்கர்களால்தான் என்று சிலர் சொல்வார்கள். சுத்தப் பேத்தல். ஒரு அரக்கனை எத்தனை தடவைதான் கொல்வது? அலுத்துவிடும். ஆனால் நம் கையால் செய்த பொருளை முகம் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போனார் என்றால், மறுநாள் கடை திறக்காமல் இருக்க மனசு வராது. ஆட்களைக் கட்டிப்போட்டது சந்தைதான். பல நாட்டுக்காரர்கள் கூடும் இடம், ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியாது. அதனால் பொருள் பிடித்திருந்தால் கடைப்பலகையை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம். டக், டக். நன்றி என்று அர்த்தம்.

சின்ன வயதில் அவளும் அண்ணனும் அந்த விளையாட்டுக்காக அடித்துக்கொண்டவர்கள். வீட்டில் ஒரே கணினி, ஒரே நாற்காலி. சத்தம் தாங்காமல் அம்மா வந்து இரண்டு பேர் தலையிலும் குட்டுவாள். அவள் முதன்முதலில் செய்த கோணல் விளக்கை அண்ணனுக்குத்தான் கொடுத்தாள். செய்தவர் பொருளின் அடியில் ஒரு வரி எழுதலாம். "அண்ணனுக்கு. அடுத்த முறை நாற்காலி எனக்கு" என்று எழுதியிருந்தாள்.

அந்த அண்ணனோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேறு ஊரிலிருந்த தங்கைக்குப் போன் செய்து, "பயப்பட ஒண்ணுமில்ல. அவசரமா வண்டி ஓட்டாத, மெதுவா வா" என்றான். பதறி ஓட்டி வழியில் எங்கேயாவது மோதிக்கொள்வாளோ என்று அவனுக்குப் பயம். அவளும் நம்பி மெதுவாகப் போனாள். போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். "இனிமே செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவன் பலமுறை போன் செய்து பார்த்தான். அவள் எடுக்கவே இல்லை. பிறகு அவனும் விட்டுவிட்டான்.

துக்கத்தைக் கொண்டுபோய்ப் போட ஒரு இடம் வேண்டியிருந்தது. பழைய விளையாட்டுக்குத் திரும்பி விளக்குக் கடை போட்டாள். கொஞ்ச காலத்தில், விளையாட வருகிற எல்லோருக்கும் நிர்வாகமே ஒரு விளக்கை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. மற்ற விளக்குக் கடைகளெல்லாம் இழுத்து மூடப்பட்டன. இவள் கடையில் மட்டும் வியாபாரம் நின்றபாடில்லை. கேள்விப்படாத ஒரு புனைபெயரில், முகத்தை முழுக்க மூடிய தலைக்கவசம் போட்ட ஒருவன் தவறாமல் வருவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். வாங்குவான், பலகையைத் தட்டுவான், போய்விடுவான்.

"ஓசியில கிடைக்கறதை உன்கிட்ட காசு குடுத்து வாங்கறானே, நீ என்ன சூரியனையே உள்ள வெச்சு செய்யறியா?" என்றார் கணவர்.

"தொழில் சுத்தமா இருந்தா அப்படித்தான். வயித்தெரிச்சல் படாதீங்க."

தலைகால் புரியாத பெருமை அவளுக்கு. என்ன விலை சொன்னாலும் அவன் வாங்குவான் என்று கண்டதும் விலையை ஏற்றினாள். அப்போதும் வாங்கினான், அப்போதும் தட்டிவிட்டுப் போனான். "நல்ல இளிச்சவாயன் ஒருத்தன் மாட்டியிருக்கான்" என்று கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு அவன் வருவது நின்றுபோனது. கடையில் ஈ ஓட்டினாள். அவனும் மற்றவர்களைப் போல விளையாட்டை விட்டு ஓடிவிட்டான் என்று திட்டித் தீர்த்தாள்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு வருடம் உள்ளேயே வராதவரின் கிடங்கை நிர்வாகம் திறந்து, இருப்பதையெல்லாம் சந்தையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். பொருள் முடங்கிக் கிடந்தால் சந்தை செத்துவிடுமாம்.

விடுமுறை நாள் மதியம் சந்தையைத் திறந்தவள் அதிர்ந்துபோனாள். பக்கம் பக்கமாக விளக்குகள். எல்லாவற்றிலும் செய்தவர் என்று அவள் பெயர். கிடங்கின் சொந்தக்காரர் என்று போட்டிருந்தது அந்தத் தலைக்கவசக்காரன் பெயர்.

"பாத்தீங்களா இந்தப் பாவியை! பதுக்கி வெச்சு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "பதுக்கறவன் லாபத்துக்கு வித்திருப்பானே. இவன் ஒண்ணைக்கூட விக்கல. ஒண்ணைக்கூட ஏத்தினதாவும் தெரியல."

அவள் கோபத்தோடு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் கோணலாக ஒரு பழைய விளக்கு இருந்தது. அது மட்டும்தான் எண்ணெய் தீரும்வரை எரிந்திருந்தது. அதன் அடியில் ஒரு வரி. "அண்ணனுக்கு. அடுத்த முறை நாற்காலி எனக்கு."

தலைக்கவசத்துக்குள் இருந்தவன் அண்ணன். எத்தனை நாள் கடைப்பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறான்! பேசினால் கடையை மூடிவிட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்து, வாயைத் திறக்காமல் வாங்கியிருக்கிறான். அவனுக்கு விலையை ஏற்றி, இளிச்சவாயன் என்று சிரித்தவள் அவள். வெட்கத்தில் முகம் எரிந்தது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

"ஏங்க... ஒரு வருஷமா அவன் உள்ளயே வரலைங்க" என்றாள்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு, போனில் அண்ணன் எண்ணைப் போட்டு அவளிடம் கொடுத்தார். மறுமுனையில் அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, நான்தான். அண்ணன்..."

"இருக்காரு" என்றாள் அண்ணி. "போன வருஷம் மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருச்சு. வலது கை, கால் வராது. பேச்சும் போயிருச்சு. நாம சொல்றது மட்டும் புரியும்."

"எனக்கு ஏன் அண்ணி சொல்லல?"

"செத்தாலும் பேச மாட்டேன்னு சொன்னவகிட்ட, சாகலன்னு போய் எப்படிச் சொல்றது?" அண்ணியின் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "விழுந்த அன்னிக்கும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் இருந்தாரு. கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்னு சொன்னாரு. உக்காந்த இடத்துலேர்ந்து என்ன கடைக்குப் போறாருன்னு எனக்கு இன்னும் புரியல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போனை அவன் காதுல வைங்க."

கட்டில் கிறீச்சிடும் சத்தம், அப்புறம் கனமான மூச்சு. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் ஆட்டத்தைப் பார்க்கும்போது கழுத்தில் படும் அதே மூச்சு.

"அண்ணா, விளக்குக்காரி பேசறேன்" என்றாள். "விலையைக் கூட்டினேனே, அப்பவும் ஏண்ணா வாங்கின?"

மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

"நான் இப்பவே கிளம்பி வரேன். நீ பயப்படாத, மெதுவாத்தான் வண்டி ஓட்டுவேன். ஆனா நான் வர்ற வரைக்கும் நீ இருக்கணும். கேக்குதா? நான் வர்ற வரைக்கும் இருண்ணா."

பதில் இல்லை. அண்ணி போனை எடுத்துக்கொண்டாளோ என்று நினைத்தாள். அப்போது போனின்மேல் விரல் படும் சத்தம் கேட்டது. டக். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. பழக்கமில்லாத இடது கை இடம் தேடியிருக்க வேண்டும். இன்னொரு முறையும் தட்டியது.

அவள் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினாள்.