பொருத்துத் தெரியாத கொடுக்காப்புளி

1953ஆம் வருஷம் மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த காரைக்காலில் சஃபியா துணியில் வரைந்த கொடுக்காப்புளி, அதன் ஓரத்தோடு நிற்காமல் மேசைமேல் பரவி, மேசைக்கால் வழியாகத் தரையில் இறங்கி, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் வாசற்படியைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. சிவப்புச் சுருள் காய் ஒன்று, பச்சை இலை இரண்டு, நடுவில் ஒரு கறுப்பு விதை. மறுபடி காய், மறுபடி இலை. சாணுக்கு ஒன்று வீதம் பிசகாமல் போனது. தெருவில் படுத்திருந்த ஆடுகள்மேலும் அதே ஒழுங்கில் ஏறி இறங்கியது. ஆடு எழுந்து நடந்தால் வரிசை குலையும், பழைய இடத்துக்கு வந்து படுத்தால் சேர்ந்துகொள்ளும். பார்த்தவர்கள் முதல் நாள் கண்கோளாறு என்றார்கள், மறுநாள் சாயம் என்றார்கள், மூன்றாம் நாள் கொடுக்காப்புளி என்றே ஒப்புக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் படிப்புதான். சின்னப் படிப்பா அது! கைலிக்கடை காஜா மைதீனின் மனைவி சஃபியா, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு கற்றவள். கலியாணமாகி வீட்டுக்குள் வந்த பிறகு, பிரான்சில் லியோன் நகரத்து நெசவுக் கல்லூரி ஒன்றில் தபால் வழியாகவே துணி வடிவமைப்புப் பட்டம் வாங்கினாள். அது போதாதென்று அதற்கும் மேற்பட்ட இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்துகொண்டாள். மாதம் ஒருமுறை கப்பலில் பாடம் வரும். காஜா மைதீன் கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் போய் உறையை வாங்கி வருவான். அவள் அடுப்பங்கரை மேசையில் தாளை விரிப்பாள், அன்றைக்குச் சோறு தீயும். மாமியார் ஆஸியா பீவிக்கு இதெல்லாம் கட்டோடு பிடிக்காது. "கட்டிக்கிட்டது துணிக்கடைக்காரன. துணிக்குன்னு தனியா படிப்பு வேறயா? கடையில நாலு கைலிய மடிச்சா தானா தெரிஞ்சுட்டுப் போவுது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

அந்தப் படிப்பின் உயிர் பொருத்தில் இருக்கிறது. ஒரு சாண் அளவுக்கு ஒரு கட்டம் வரைந்து, அதையே பக்கத்திலும் கீழேயும் வைத்துக்கொண்டே போனால் துணி நிரம்பும். ஒரு கட்டமும் அடுத்ததும் சேர்கிற இடம்தான் பொருத்து. அது கண்ணுக்குத் தெரியக் கூடாது. முந்தின வருஷம் சஃபியா அனுப்பிய கடைசித் தேர்வுத் துணியில், பேராசிரியர் மொஸ்யே ரெனார் சிவப்பு மையால் மேலிருந்து கீழே ஒரே ஒரு கோடு இழுத்து, 'பொருத்துத் தெரிகிறது' என்று எழுதித் திருப்பிவிட்டார். தேர்வுக்கு இரண்டு தடவைதான் வாய்ப்பு. இரண்டாம் தடவையும் தவறினால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். சஃபியா மூன்று நாள் அழுதாள். "போனாப் போவுது விடு புள்ள, கடையில இல்லாத துணியா?" என்று காஜா மைதீன் தேற்றப் பார்த்தான். "வீடு உங்க பேர்ல, கடை உங்க பேர்ல, ஆடுகூட மாமி பேர்ல. இந்தப் படிப்பு ஒண்ணுதான் மச்சான் என் பேர்ல இருக்கு" என்றாள். மறுநாள் காஜா மைதீன் தானே போய் நல்ல தூரிகை இரண்டு வாங்கி வந்தான்.

பிறகு ஒரு வருஷம் அவள் வேறெதையும் வரையவில்லை. பொருத்தை மட்டும் வரைந்தாள். அது கடைசியில் அத்தனை சுத்தமாகச் சேர்ந்துகொண்டது. எங்கே முடிவது என்று அதற்கே தெரியாமல் போனதால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். நாளுக்கு இருநூறு முழம். தலத்தெரு பங்குனியில் நிரம்பியது, திருநள்ளாற்று வயல்வரப்புகள் சித்திரையில். நடமாடுகிறவர்களை அது தொடவில்லை. கால்மணி நேரம் அசையாமல் இருந்தால் ஏறிக்கொள்ளும். சர்க்கார் எழுத்தர் சோமசேகரன் ஒரே வாரத்தில் கழுத்துவரை காய்த்துவிட்டார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் மௌலூது ஓதுகிற வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் எல்லோரும் ஒரே துணியில் வெட்டின மாதிரி வீடு திரும்பினார்கள். காஜா மைதீன் கடையில் அளவுகோலைத் தூக்கிப் பரண்மேல் போட்டான். தரையில் காயை எண்ணியே கிழித்துக் கொடுத்தான்.

வைகாசியில் அது எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் இந்திய யூனியன், பர்மிட் இல்லாமல் கைக்குட்டைகூடத் தாண்ட முடியாத காலம். சாவடியிலிருந்த சுங்க அதிகாரி தெட்சிணாமூர்த்தி, மேற்படி சரக்கு துணி வகையைச் சேர்ந்தது, முன்முனை வந்துவிட்டது, பின்முனை இன்னும் வரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். பிறகு தடுப்பு மூங்கிலைத் தாழ்த்தித் தரையைப் பார்த்து, "பர்மிட் இல்லாம ஒரு காய் நகரக் கூடாது, ஆமா!" என்றார். நகரவில்லை. அரைக் காயோடு நின்றது. அடுத்த வருஷம் சாவடியையே எடுத்த பிறகு மிச்ச அரைக் காயையும் போட்டுக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போனது. அங்கே அது செய்ததை அந்த ஊர்க்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

சஃபியாவுக்கு இதில் எதுவும் சந்தோஷமில்லை. தேர்வுத் துணியை வெட்டி அனுப்பத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனால், அது உறைமேலும் முத்திரைமேலும் பரவி விலாசத்தை மூடிவிடுகிறது. மூன்று தடவை திரும்பி வந்தது. கடைசியில் மடல் ஒன்றை ஊஞ்சல் பலகைமேல் வைத்து, ஆட்டிக்கொண்டே எழுதினாள்: துணியை அனுப்ப முடியவில்லை, தயவுசெய்து வந்து பார்க்கவும்.

ஆனி மாதம் மொஸ்யே ரெனார் கம்பளிக் கோட்டோடு வந்து இறங்கினார். முப்பத்தோரு வருஷமாக அவர் கண்ணுக்குத் தப்பிய பொருத்து கிடையாது. தன் கலியாணத்தன்று மணப்பெண்ணின் முக்காட்டில்கூடக் கண்டுபிடித்துச் சொல்லி, அதனால் வந்த வினையை இன்றுவரை அனுபவிக்கிறவர். தப்பை மாணவர்கள் தூரத்தில்தான் ஒளிப்பார்கள் என்று சொல்லித் திருநள்ளாற்று வரப்பிலிருந்து ஆரம்பித்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக, மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டே பதினாறு நாள். கோவில்பத்தில் அம்பலவாணன் வீட்டம்மா பங்கஜவல்லி மோர் கொடுத்தாள். "ஐயோ பாவம், எதத் தொலைச்சாரோ" என்று அவளும் கூடக் குனிந்து கொஞ்ச தூரம் தேடினாள். தேட வேண்டியது என்னவென்று தெரிந்ததும், "கெடைக்கக் கூடாதுன்னு தேடுறீங்களா, கெடைக்கணும்னு தேடுறீங்களா?" என்று கேட்டாள். யாரோ பிரெஞ்சில் சொல்ல, அவர் சற்று யோசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தவழ்ந்து போனார்.

பதினேழாம் நாள் பகலில் அவர் சஃபியாவின் தெருவுக்குள் வந்துவிட்டார். மிச்சமிருந்தது அவள் வீடு ஒன்றுதான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனவள் கிணற்றடியில் அப்படியே நின்றுவிட்டாள். துவைகல்லுக்குப் பக்கத்தில் முறத்தளவு இடம் மொட்டையாக இருந்தது. காயும் இல்லை, இலையும் இல்லை. நான்கு பக்கமும் பாதிப் பாதியாக அறுந்து நின்றது.

ஆஸியா பீவி செய்த வேலை. ஊரெல்லாம் சிவந்துபோனாலும் தன் துப்பட்டி வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று, அவள் நாலு மாதமாக எங்கேயும் உட்காராதவள். சோறுகூட நின்றுகொண்டே தின்றாள். துப்பட்டி துவைக்கிற இடமாவது சுத்தமாக இருக்கட்டும் என்று செங்கல் பொடியும் சுண்ணாம்பும் போட்டு மூன்று நாள் தேய்த்திருந்தாள். தேய்த்த தரைக்கு ரோஷம் வந்ததோ என்னவோ, கொடுக்காப்புளி அங்கே மறுபடி வரவில்லை.

"மாமி, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" சஃபியா தரையில் சரிந்தாள். "அந்த மனுசன் இதப் பாத்தா போச்சு. பேரை அடிச்சுடுவாங்க. எல்லாம் போச்சு."

"எதுக்குடி இந்த அழுக? இத்தினியூண்டு எடம்."

"அந்த இத்தினியூண்டுதான் மாமி படிப்பு."

வாசலில் காஜா மைதீன் இருமினான், அந்நியர் வருகிறார் என்பதற்கு அடையாளமாக. சஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள். ஆஸியா பீவி மருமகள் போன திக்கைப் பார்த்தாள், மொட்டை இடத்தைப் பார்த்தாள், அன்று காலைதான் நீலம் போட்டு வெளுத்த தன் துப்பட்டியைப் பார்த்தாள். "யா அல்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு நாலு மாதத்தில் முதல் தடவையாக, துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த இடத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மொஸ்யே ரெனார் கூடத்தைப் பார்த்தார், அடுப்பங்கரையைப் பார்த்தார், தவழ்ந்துகொண்டே கொல்லைக்கு வந்து பத்தடி தள்ளி நின்றார். அந்த அம்மாள் கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா என்று கேட்டார். காஜா மைதீனுக்கு மொட்டை இடம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பதறிப்போய்விட்டான். "எங்க ஊர்ல துப்பட்டி போத்திக் கோஷாவுல உக்காந்திருக்குற பொம்பளைய அந்நிய ஆம்பள எழுப்பக் கூடாதுங்க! அவங்களா எந்திரிக்கணும்." அவர்கள் எப்போது எழுந்திருப்பார்கள் என்றார் பேராசிரியர். துப்பட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது: "முட்டி வலி. இன்ஷா அல்லாஹ் எந்திரிப்பேன்." அவர் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டே காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் கதவுக்கு இந்தப்புறமிருந்து பிரெஞ்சில் கேள்வி கேட்டார். அந்தப்புறமிருந்து சஃபியா ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள்.

முதல் கால்மணியில் நான்கு பக்கத்துப் பாதிக் காய்களும் துப்பட்டி ஓரத்தில் தொற்றின. அரைமணியில் முழங்காலுக்கு வந்தன. ஆஸியா பீவி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டவில்லை. கிழக்கிலிருந்து ஏறியதும் மேற்கிலிருந்து ஏறியதும் தோளில் சந்தித்தன, தெற்கும் வடக்கும் உச்சந்தலையில் சந்தித்தன. இலையோடு இலை, காயோடு காய். மொஸ்யே ரெனார் பத்தடி தூரத்திலிருந்தே கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார். கண் கலங்கியிருந்தது. குறிப்பேட்டில், 'பொருத்துக் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன்கீழ் சஃபியாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் காஜா மைதீனிடம் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் சஃபியா ஓடி வந்து மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "மாமி, உங்க துப்பட்டி..."

"வுடுடி, கால் மரத்துக் கெடக்கு, தூக்கி வுடு மொதல்ல." எழுந்து நின்று ஆஸியா பீவி தன்னையே ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள். மார்பில் ஒரு காய் கொஞ்சம் மடிப்பில் ஒளிந்திருந்தது, அதை நீவி நேராக்கினாள். "ஊர்ல எல்லாருக்கும் காய் தானா வந்து ஏறுச்சு. எனக்கு என் மருமவ படிச்சு ஏத்துனது. கேட்டா அப்புடித்தான் சொல்லுவேன்."

பாங்கு சொல்லிவிட்டார்கள். துப்பட்டியை மாற்றாமல் அப்படியே அசர் தொழுகைக்கு நின்றாள்.