கஸ்பாரின் மடக்குக் கத்தி

கோதண்டத்துக்கு ஆடுகிற பொருள் எதுவும் ஆகாது. எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஜன்னல் கொக்கி ஆடினாலும் சரி, மாடிப்படிக் கம்பி ஆடினாலும் சரி, சுத்தியலோடு வந்து நிற்பார். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஓய்வு கம்பெனிக்குத்தான், எங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்து நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்கலாம் என்றால் மேல் மாடியில் டங் டங் என்று ஏதாவது ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பார். நான் வாசலில் நின்று திட்டுவேன். அவர் சிரிப்பார். அப்படிப்பட்டவரிடம்தான் என் புருஷனுடைய கத்தியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் புருஷன் பெயர் கஸ்பார். காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். நான் அதே காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து ரோட்டோரம் கூடை போட்டு விற்கிறவள். எல்சியிடம் பேரம் பேசினால் காது கிழியும் என்று ஊரே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். கஸ்பாருக்கு வாதம் வந்து வலது பக்கம் மொத்தமாக விழுந்தது. பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு மாதக்கணக்கில் கட்டிலில் படுத்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றை ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்து எனக்குப் பழக்கம். ஆனால் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கிற ஆளுக்காக எப்படிக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவரைப் பார்க்க வந்த படகுக்காரர் ஒருவர், கிழிசலைக் கட்ட ஆள் தேடவேண்டும் என்று வலை ஒன்றை எங்கள் வராண்டாவில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் நான் மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்தால், மனுஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இடது காலின் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். இடது கையில் வலை ஊசி. கோணல்மாணலாக நாலைந்து கண்ணி கட்டியிருந்தார். நான் பார்த்ததும் அதையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அன்றைக்குச் சோற்றுத் தட்டை அவரே இழுத்து வைத்துச் சாப்பிட்டார். நான் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகு வலை வந்துகொண்டே இருந்தது. கூலி பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் அவருக்கு உட்கார ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். அந்த வலைதான் அவரை உயிரோடு வைத்திருந்தது என்று நான் யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

நூலை அறுக்க அவருடைய பழைய மடக்குக் கத்திதான். மரப்பிடி, ஒரு பிளேடு, ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே ஒரு ரிவிட்டு. இடது கையால் ஒரு உதறு உதறுவார், பிளேடு வெளியே வந்துவிடும். நூலின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு அறுப்பார். உடனே தொடையில் வைத்து அழுத்தி மடக்கிவிடுவார். படகில் திறந்த கத்தியைக் கீழே வைக்கவே மாட்டார்கள். படகு ஆடும்போது அது வழுக்கிப் போய் யார் காலிலாவது ஏறும். எங்கள் வராண்டா ஆடுமா? இந்த மனுஷனுக்கு அதெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு நூலுக்கும் திறப்பார், அறுப்பார், மடக்குவார்.

பிளேடு கன்னாபின்னாவென்று ஆடும். ஒருநாள் அறுக்கும்போது பக்கவாட்டில் சரிந்து விரலில் இறங்கிவிட்டது. வலையெல்லாம் ரத்தம். சர்க்கரை உடம்பு அவருக்கு. அவருடைய அண்ணனுக்கு இப்படித்தான் ஒரு சின்னக் காயத்தில் தொடங்கி, கடைசியில் பாதத்தையே எடுத்தார்கள். கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தேன், இடது கைக்கு அது அறுக்கவில்லை. அதனால் கத்தியை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனேன்.

கோதண்டம் கத்தியைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னாம்மா இது, கத்தியா ஊஞ்சலா?" என்றார். தண்டவாளத் துண்டு, சுத்தியல், மண்ணெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் வராண்டாவுக்கே இறங்கி வந்தார். கஸ்பாருக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரெண்டு பேரும் இளவட்டத்திலிருந்தே தோஸ்து.

"மாமு, இத்த பாரு. ரிவிட்டு சந்துல எம்மாம் மண்ணு கீது! பீச்சுல பொதச்சு வெச்சிகினியா இன்னா?"

மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றி மண்ணையெல்லாம் கழுவினார். பிளேடுக்கும் பிடிக்கும் நடுவில் மெல்லிய தகரத் துண்டு ஒன்றைச் செருகினார். ரொம்ப இறுகிப்போய்ப் பிளேடு மாட்டிக்கொள்ளக் கூடாதாம், அதற்குத்தான். ரிவிட்டின் தலையைத் தண்டவாளத்தில் வைத்து மேலிருந்து பொறுமையாகத் தட்ட ஆரம்பித்தார். அவர் வேலையைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தம்.

கஸ்பார் தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் போட்டார். பிறகு இடது கையால் தரையைத் தட்டினார். தட்டினார், மறுபடி தட்டினார். கோதண்டம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வலை இழுக்கும்போது தாளம் போட்டுப் பாடுவார்களே, அதைத்தான் தோஸ்து ஞாபகம் வைத்துத் தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்படிப் போடு மாமு! ஏலேலோ... ஐலசா!"

சுத்தியல் இறங்கும்போதெல்லாம் ஐலசா. கஸ்பார் இன்னும் பலமாகத் தரையில் அறைந்தார். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், எத்தனை காலத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் ஒரு பாட்டுச் சத்தம் என்று நினைத்து, உள்ளேயிருந்தே ஐலசா போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து அவர்களும் போட்டார்கள். வெளியே வந்து பார்த்தபோது கஸ்பாருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். சந்தோஷம் என்றுதான் ரெண்டு பேரும் நினைத்தோம். எங்களை என்ன சொல்வது!

கோதண்டம் தகரத்தை உருவி, எண்ணெய் விட்டு, நகத்தால் பிளேடைக் கிளப்பித் திறந்து காட்டினார். துளி ஆட்டம் இல்லை. "இனிமே ஜென்மத்துக்கும் ஆடாது" என்று சொல்லிவிட்டு என்னிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் விடியற்காலையிலேயே காட்டுப்பள்ளிக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குக் கிளம்பிவிட்டார். வேலை முடியும்வரை அங்கேயே தங்கல்.

நானும் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு உச்சி வெயிலில்தான் திரும்பினேன். வராண்டாவில் கஸ்பார் வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணிகூடக் கட்டவில்லை. கத்தி மடங்கியபடியே கையில் இருந்தது. உதடு கிழிந்து தாடையெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்து போயிருந்தது. ஒரு கை உள்ள மனுஷன், நகத்தால் கிளப்பினால் மற்றப் பக்கம் யார் பிடிப்பது? தொடைக்கடியில் அழுத்திக்கொண்டாலும் எண்ணெய் பட்ட பிளேடு நகத்துக்கு வழுக்கும். பல்லால் திறக்கப் பார்த்திருக்கிறார்.

"அடப்பாவி மனுசா, இன்னாய்யா பண்ணிகினு கீற?" என்று கத்தினேன். அவர் கத்தியை உதறிக் காட்டினார். வரவில்லை. மறுபடி உதறினார். பிறகு வாசலில் கிடந்த மண்ணை விரலால் தொட்டு, ரிவிட்டின் மேல் தேய்த்துக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலை கட்டத் தொடங்கிய புதிதில், ராத்திரி படுக்கையில் கிடந்தபடி கத்தியை இடது தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, சந்துக்குள் வாசல் மண்ணைப் போட்டுப் போட்டு, பிளேடை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பார். கட்டிலெல்லாம் மண். மூளையும் கலங்கிவிட்டது என்று நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். கலீஜ் பண்ணாதேய்யா என்று போர்வையை உதறி உதறித் திட்டினேன். அவர் ஒரு கைக்கு ஏற்ற மாதிரி கத்தியைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அவர் உண்டாக்கிய ஆட்டத்தை, நாங்கள் பாட்டுப் பாடி ஒரே சாயங்காலத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டோம்.

கோதண்டத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அந்தக் கத்திய மறுபடி லூசு பண்ணணும்ணா."

"இன்னாம்மா சொல்ற? நான் தட்டுன ரிவிட்டு, அது எப்புடி லூசாவும்?"

"அதாண்ணா பேஜாரு" என்று சொல்லி நடந்ததையெல்லாம் சொன்னேன். "அவன் தரையில அடிச்சது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நீ எதையும் தட்டாதே, பிளேடு ஒடிந்துவிடும், வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன் என்றார்.

எனக்கு அதுவரை பொறுக்குமா? ராயபுரம் மார்க்கெட் பக்கம் சாணை பிடிக்கிறவனிடம் கொண்டுபோனேன். அவன் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, "சோக்காதானக்கா கீது? இத்த எதுக்கு லூசு பண்ணச் சொல்ற? நாளைக்குக் கைய அறுத்துகினு என்னாண்ட வந்து நிப்பியா?" என்றான். நல்ல கத்தியைக் கெடுத்துக் கொடு என்று கேட்கிற பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். புதுக் கத்தி ஒன்று வாங்கிவந்தேன், கஸ்பார் அதைத் தொடவே இல்லை. நானே ரிவிட்டில் மண்ணைப் போட்டு உள்ளங்கை எரிய எரிய ஆட்டிப் பார்த்தேன். கோதண்டத்தின் வேலை அசைந்து கொடுக்கவில்லை.

அதனால் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நூல் அறுக்கவேண்டி வரும்போது கத்தியை என் பக்கம் நீட்டுவார். நான் திறந்து கொடுப்பேன். முதல் நாள் நீட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நீட்டினார்.

இந்த மனுஷன் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டதில்லை. ஜுரத்தில் கிடந்தாலும் தானே எழுந்துபோய்க் குடிப்பார். சட்டையில் பட்டன் போனால் வலை நூலால் தானே தைத்துக்கொள்வார். படகிலேயே வளர்ந்த ஆளுக்குப் பெண்டாட்டி எதற்கு என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது எல்சி, இதைச் செய்து கொடு என்று கேட்கமாட்டாரா என்று எனக்கு இருந்த ஏக்கம் எனக்குத்தான் தெரியும். பொய் சொல்லமாட்டேன். அவர் கத்தியை நீட்ட, நான் திறந்து கொடுக்க, அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவர் சுவரைப் பார்ப்பது நின்றது. பிறகு வலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே நீட்டப் பழகினார். நானும் கதை பேசிக்கொண்டே திறந்து கொடுக்கப் பழகினேன்.

கோதண்டம் காட்டுப்பள்ளியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். பையைக்கூட மேலே கொண்டுபோய் வைக்கவில்லை. கஸ்பாரின் காலைத் தொட்டுவிட்டு, வேலையைத் தொடங்கினார். பழைய ரிவிட்டை அறுத்து எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பியில் புது ரிவிட்டு போட்டார். மெதுவாகத் தட்டுவார், உதறிப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு அரத்தால் தேய்ப்பார், மறுபடி உதறிப் பார்ப்பார். பக்கவாட்டில் சரிந்து விரலில் இறங்காத அளவுக்குப் பிடிப்பு வேண்டும், உதறினால் வருகிற அளவுக்கு ஆட்டமும் வேண்டும். வாழ்நாளெல்லாம் ஆடுகிறதை நிறுத்திய மனுஷன், ஆடவைப்பதற்கு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் இடது கையில் கத்தியைப் பிடித்து ஒரு உதறு உதறினார். பிளேடு அழகாக வெளியே வந்து நின்றது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

"இந்தா மாமு. சும்மா ஒரு ஒதறு, தானா வந்துரும்" என்று மடக்கிக் கஸ்பாரின் கையில் வைத்தார்.

கஸ்பார் கத்தியைப் பார்த்தார். வலையில் ஒரு முடிச்சுப் போட்டார், நூலைப் பல்லால் கவ்வினார். பிறகு கத்தியை என் பக்கம் நீட்டினார்.

"நீயே தொறய்யா" என்றேன்.

கை அப்படியே நீட்டியபடி நின்றது.

"மாமு, ஒதறு மாமு. ஒரு வாட்டி ஒதறிப் பாரு" என்று கோதண்டம் கெஞ்சினார். அவரே உதறிக் காட்டினார். மடக்கி மறுபடி கையில் வைத்தார். கஸ்பார் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "தொறக்க மாட்டேன்யா! நான் நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போனா யாருய்யா ஒனக்குத் தொறந்து குடுப்பா? பல்ல ஒடைச்சிகினு தொறக்கப் பாத்த ஆளு தானே நீ? இப்ப இன்னா வந்துச்சு?" என்று குடியிருப்பே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பல்லிலிருந்து நூலை விட்டார். கத்தியை மடியில் வைத்தார். வலையிலிருந்து கால் விரலை உருவிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மேலே ஃபேன்கூட இல்லாத வராண்டாக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

கோதண்டம் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறிப் போனார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் காலை எடுத்து, கட்டைவிரலில் வலையை நானே மாட்டினேன். மடியில் இருந்த கத்தியை எடுத்துத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். நூலை அறுத்தார். தொடையில் வைத்து மடக்கினார். என்னைப் பார்த்துக் கோணல் வாயால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கத்தியை மறுபடி என் பக்கம் நீட்டினார்.

என்னிடம் எதையாவது கேட்கமாட்டாரா என்று ஏங்கியவள் நான். ஆண்டவரே, இப்படியா கேட்டேன்?