கை படாத ஆபரேஷன்

தோல் தரகர் கலீலுல்லாவுக்கு புராஸ்டேட் சுரப்பியில் புற்று. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் பரவும் என்று டாக்டர் சுஜா சொல்லி முடித்த பிறகும் அவர் தலையாட்டவில்லை. அவரைத் தடுத்தது கத்தியல்ல, அதைப் பிடிக்கப்போகும் ரோபோ.

"வெட்டுறது நீங்களா, அதுவா?"

"நான்தான் பாய். ஆபரேஷன் ரூம் மூலையில உட்கார்ந்து கைப்பிடியை அசைப்பேன். நான் அசைக்கிற மாதிரியே உங்க வயித்துக்குள்ள சின்னக் கருவி அசையும்."

"அப்ப உள்ளே உங்க கை படவே படாது?"

ராயபுரத்தில் அவர் பிழைப்பே கைதான். தோலுக்கு விலை பேசுவது துண்டுக்கு அடியில். எதிராளியின் எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறாரோ, அதுதான் விலை. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். கையால் பிடித்துப் பார்க்காமல் கலீலுல்லா எதையும் முடித்ததில்லை.

சுஜா அவரைப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்தார். திரையில் ஒரு வளையம். கலீலுல்லா விரலைக் குவித்தார். திரையில் இடுக்கி வளையத்தைக் கவ்வியது. சூடு பட்டதுபோல் கையை எடுத்துவிட்டார்.

"வெரல்ல ஒண்ணும் தெரியலியே. இறுக்கிப் புடிச்சேனா, லேசாப் புடிச்சேனா?"

சுஜா மழுப்பவில்லை. "இந்த மெஷின்ல அது தெரியாது பாய். சதை வெளுக்குறதையும் நூல் இழுபடுறதையும் பாத்துத்தான் பிடியைக் கண்டுபிடிக்கணும். பழகிடும்."

"பாத்தா பிடி தெரியுமா? இன்னா கதை இது. காத்தூன், கெளம்பு. மாத்திரை எதுனா கீதான்னு பாப்போம்."

அவர் மனைவி காத்தூன் பீவி நாற்காலியை விட்டு எழவில்லை.

"போன வாரம் ஆம்பூர்காரரு நம்ம வூட்டுக்கு வந்தாரே. துண்டுக்குள்ள அவரு மூணு வெரலைப் புடிச்சாரு. நீங்க நாலு கேட்டீங்க. அப்பறம் மூணரைக்கு எறங்குனீங்க."

கலீலுல்லா விறைத்துப்போனார். "யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல. சமையக்கட்டுலருந்து பாத்துகினு இருந்தேன். வெரலை எண்ணுறப்ப உங்க ஒதடு அசையும். கம்மியாக் கேட்டா உங்க எடது புருவம் மேல போவும். படிஞ்சிட்டா எச்சி முழுங்குவீங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து இதே கதைதான்."

சுஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலீலுல்லாவுக்கு இப்போது புற்று இரண்டாவது கவலையாகிவிட்டது. "மத்த தரகருங்களுக்கும் இது தெரியுமா?"

"அவங்க எதுக்கு உங்களை அப்பிடிப் பாக்கப் போறாங்க?"

அவர் இடது புருவத்தை விரலால் அமுக்கிக்கொண்டார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"பாத்தாலே பிடி தெரியும்போல. வர்ற வாரமே வெச்சிக்கலாம் டாக்டரம்மா. ஆனா மயக்கம் தெளியறவரைக்கும் இவளை உள்ளே வுடாதீங்க. என் மூஞ்சி எதை எதை ஒளறித் தொலைக்குமோ."