‘பிடி’ என்னும் சொல்லுக்குப் பொருள்

1

இக்கதை பிறந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மண்ணரை முருகன் கோயிலில் பதிகம் ஓதி எழுந்தபோது, தூணருகே நின்ற சித்ரகலா கேட்டார்: “சாமி, ‘புடி’ங்கற சொல்லுக்கு எத்தன அர்த்தமுங்க?”

கணவருக்குத் தலைத்திவசம் கொடுத்து ஒரு வாரமே ஆனவர். ஆயினும் சொல்லைக் கண்டதும் ஆளை மறந்தேன். பெண்யானை பிடி, கத்தியின் கைப்பிடி பிடி, கையளவு சோறும் பிடி, இறைவன் திருவடியை விடாது பற்றுவதும் பிடி என்று அடுக்கினேன்.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான் அம்மா.”

(விட்டுப்போன பொருள் ஒன்று உண்டு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: ‘மதங்கொண்ட களிறென நிமிர்ந்து நின்ற அவ்வூர்தி—’

(கைவிட்டேன். ஊர்தியைக் களிறாக்கினால் பிழை எவருடையதும் அல்லாமற் போகும்.)

உள்ளபடி: பனியன் கம்பெனி நடத்திய சித்ரகலாவின் கணவர் தரணீதரன் தம் ஜீப்பை ஆறு அங்குலம் உயர்த்தி, இடுப்பளவு டயர்களைப் பூட்டினார். பூசையன்று சித்ரகலா சக்கரங்களுக்கடியில் எலுமிச்சை வைத்தபோது தரணீதரன் சிரித்தார். “இத்தன பெரிய டயருக்கு எலுமிச்சம்பழம் எந்த மூலைக்குக் கண்ணு? பூசணிக்காயா வெச்சிருக்கோணும்.”

வேலை செய்த மெக்கானிக் ஜெபக்குமார் தூத்துக்குடிக்காரர். அவர் சிரிக்கவில்லை.

“இந்த உசரத்துக்குத் தக்க டேம்பர் இன்னும் வரல அண்ணாச்சி. அது இருந்தாத்தான் ஸ்டீயரிங் உதறாம நிக்கும். அதுவரைக்கும் விரட்டாதிய. முன்டயர் வெடிச்சிட்டுன்னா பிரேக்க மட்டும் மிதிச்சிராதிய. ஸ்டீயரிங்க நேரா புடிச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க.”*

“அதைய அவகிட்டச் சொல்லுங்க. வண்டிய ஓட்டறது நானு, என்னைய ஓட்டறது அவ.”

சித்ரகலாவும் சிரித்தார். ஆனால் சொன்னதை மனத்தில் பதித்துக்கொண்டார்.

* டேம்பர் வருமுன் வண்டியை ஏன் கொடுத்தீர்கள் என்று ஜெபக்குமாரைக் கேட்டேன். “ஒரு வாரந்தான, மெல்லமாப் போவாவன்னு நெனச்சேன் ஐயா.”

3

ஞாயிறு முற்பகல். காங்கேயம் தாண்டி, வெள்ளகோவிலை நோக்கி, வெயில்— (வெயிலுக்கு இதில் பங்கில்லை.) வலப்பக்க முன்டயர் வெடித்தது. ஸ்டீயரிங் வெடவெடவென்று உதறியது. மெக்கானிக் சொன்னதெல்லாம் ஒரே சொல்லாகச் சுருங்கிச் சித்ரகலாவின் தொண்டைக்கு வந்தது.

“புடிங்க! ஏனுங்க, புடிங்க!”

அவர் பிடித்தார். பிரேக்கை.

நம் ஊரில் பிரேக்கையும் ‘பிடிக்கிறோம்’. நிகண்டுகளில் இல்லாத அப்பொருளைத்தான் கோயிலில் நான் சொல்லவில்லை. உயர்ந்து நின்ற வண்டி வலப்புறம் இழுத்துக் கவிழ்ந்தது. தரணீதரன் அங்கேயே இறந்தார்.

இப்போது கம்பெனியைச் சித்ரகலா நடத்துகிறார். துணிக்கட்டை நீட்டும்போது ‘இந்தா புடி’ என்று நாவின் நுனிவரை வரும். விழுங்கிவிட்டு, ‘இந்தா வாங்கிக்க’ என்பார்.

4

இதுவரை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“எல்லாம் செரிங்க சாமி. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துப்போடுங்க.”

“எடுத்தால் கதை பொய்யாகுமே அம்மா.”

“இருந்தா, கொன்னது நான்னு ஆயிருமுங்களே.”

5

எடுத்துப் பார்த்தேன். சித்ரகலா வாய் திறக்கவில்லை, அச்சத்தில் தரணீதரனின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது, வண்டி கவிழ்ந்தது.

வைத்தும் பார்த்தேன். சொல்லைத் தரணீதரன் சரியாகவே கேட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார், அதன் உதறல் அவர் கைகளைத் தள்ளிவிட்டது, வண்டி கவிழ்ந்தது.

இவ்விரண்டும் சித்ரகலாவை விடுவிப்பவை.

மூன்றாவதில் அவர், “மிதிக்காதீங்க!” என்கிறார். ஜீப் ஆடியாடி, வேகம் தளர்ந்து, வேலமர நிழலில் நிற்கிறது. தரணீதரன் இறங்கி, முகத்தைத் துடைத்து, “பூசணிக்காயே வெச்சிருக்கலாங் கண்ணு—”

(இதை முடிக்க என்னால் ஆகவில்லை. இதில் அவர் பிழைக்கிறார். அவர் பிழைத்தால், ‘புடிங்க’ என்ற சொல்லே கொன்றதாகும்.)

6

ஆகவே கதையின் இறுதிப்படியில் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்:

முன்டயர் வெடித்தது. சித்ரகலா, “                    ” என்று கத்தினார்.

மெய்யும் அருளும் ஒருங்கே நிற்கும் சொல் ஒன்றை, இதற்கென, நான் ஓதிய எப்பதிகத்திலும் கண்டேனில்லை. உமக்குத் தெரிந்தால் எழுதும். ஒன்றை மட்டும் மறவாதீர்: நீர் எழுதுவது எதுவாயினும், அதை முதலில் வாசிக்கப்போகிறவர் சித்ரகலா.