கல்யாண வீடியோவில் அம்மா

ஹட்டனில் நவீன கலை மையம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முன்பு மெத்தைக் கடை இருந்த மாடி அது. போன வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இருட்டு அறை ஒன்றில் உட்கார வைத்து, நாற்பது நிமிடம் பனிமூட்டத்தைப் படமாகக் காட்டினார்கள். வெறும் பனிமூட்டம். மஸ்கெலியாவில் என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அதைவிட நல்ல மூட்டம் உள்ளேயே வந்து உட்காரும். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மையத்தை நடத்துகிற தனுஷிகாவின் காதில் அது விழுந்துவிட்டது. தலவாக்கலைப் பிள்ளை, கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவ வாங்க டீச்சர், ஒங்களுக்குப் புடிச்ச மாதிரி ஒண்ணு செய்றோம்" என்றாள். இந்த வருஷம் செய்தும் விட்டாள்.

வீடியோ எடுக்கிற றோலண்ட் அண்ணனை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. தொண்ணூறுகளில் மஸ்கெலியா முதல் கினிகத்தேனை வரை கல்யாணம் என்றால் அவர்தான். மணப்பெண்ணை ரோஜாப்பூவுக்குள் வைப்பார், மாப்பிள்ளையைத் தாமரைக்குள்ளிருந்து எழுப்புவார். சுற்றிலும் இத்தனை மலை இருக்க, சுவிட்சர்லாந்து மலையைக் கொண்டுவந்து ஜோடிக்குப் பின்னால் ஒட்டுவார். எங்களுக்கு அது பெரிய அதிசயம். வெட்டி ஒட்டிய கெசட்டைக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, எடுத்த கெசட்டை அப்படியே டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன். முப்பது வருஷமாக. அந்தப் பெட்டிதான் இப்போது மையத்துக்கு வந்திருந்தது. கெசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒன்பது டிவியில் ஒன்பது கல்யாணத்தை ஒரே நேரத்தில் ஓடவிடப் போகிறார்களாம். தெரிந்தவர்கள் முன்கூட்டியே வந்து பார்த்து, யார் யார் என்று சொல்லுங்கள் என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது.

அதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. என் அம்மா பேச்சியம்மாவுக்கு ஒரு படம் கூட இல்லை. அம்மா இறந்த மறு வருஷம், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயம் தீப்பிடித்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பரா வீடுகளும் கூரையோடு போயின. அடையாள அட்டையை அதற்கு முன்பே மரணப் பதிவின்போது வாங்கிக்கொண்டுவிட்டார்கள். என் கல்யாணம் நடந்தது அதற்குப் பிறகு. என் மகள் "அம்மாயி எப்படிம்மா இருப்பாங்க?" என்று கேட்டால், கண்ணாடியைப் பார்த்து மூக்கைக் காட்டுவேன். இந்த மூக்கு அவங்களோடது. மற்றதெல்லாம் எனக்கே மங்கிக்கொண்டு வந்தது. ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். தனுஷிகா ஒரு டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு, எங்கள் தோட்டத்தில் எடுத்த நான்கு கெசட்டுகளைத் தேடி வைத்திருந்தாள்.

முதலில் தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கல்யாணம். பந்தி நடக்கிறது. வீடியோ லைட் வரிசையாக வர வர, ஒவ்வொருவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாயில் சோற்றோடு ஆடாமல் அசையாமல் பார்க்கிறார்கள். லைட் தாண்டியதும் மறுபடி மெல்லுகிறார்கள். நானும் தனுஷிகாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். வரிசைக் கடைசியில் அம்மாவின் பச்சைச் சீலை தெரிந்தது. லைட் கிட்ட வந்ததுதான் தாமதம், எதையோ தேடுகிறவள் போல இலைக்குக் கீழே குனிந்துவிட்டாள். லைட் போகும் வரை நிமிரவே இல்லை.

அடுத்ததில் சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் மறைந்தாள். மூன்றாவதில் பந்தல் காலுக்கு அந்தப் பக்கம் ஒரு முழங்கையும் இரண்டு வளையலும் மட்டும் தெரிந்தன.

"ஒங்க அம்மாவுக்கு இவ்வளவு கூச்சமா டீச்சர்?"

"கூச்சமா? கேமராவைக் கண்டா பேயக் கண்ட மாதிரி ஓடுவாங்க. அது எங்கேயோ பட்டிக்காட்டுப் பொறப்பு புள்ள" என்றேன். இதை இருபத்தைந்து வருஷமாக நான் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைதான். என் கணவரிடம், மகளிடம், பள்ளிக்கூட ஆசிரியர் அறையில், எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அம்மா மேல் ஆத்திரம் வந்தது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

"இன்னொண்ணு இருக்கு டீச்சர். இதுதான் இருக்குறதுலயே பழசு, தொண்ணூத்தாறு" என்றாள் தனுஷிகா.

அத்தை மகளின் கல்யாணம் அது. எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து மூன்று மாதம். எங்கள் லயத்தில் முதல் டீச்சர் நான்தான். கூடப் படிப்பிக்கிற இரண்டு டீச்சர்மாரைக் கல்யாணத்துக்கு அழைத்து வந்திருந்தேன். டிவியில் மூன்று பேரும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தோம். எனக்கு என்ன ஒரு பெருமை அந்த வயதில்! பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

பிறகு லைட் அணைந்தது. றோலண்ட் அண்ணன் கேமராவை நிறுத்த மறந்து எங்கோ மேசைமேல் வைத்துவிட்டார் போலிருக்கிறது. படம் லேசாகச் சாய்ந்து, பந்தலின் ஓரம் தெரிந்தது. கல்யாண வீட்டுக்கு அவர் கொடுத்த கெசட்டில் இந்தப் பகுதி இருந்திருக்காது.

அந்தச் சாய்ந்த படத்துக்குள் அம்மா வந்தாள்.

சமையல் கட்டிலிருந்து வந்திருக்கிறாள். சீலை அழுக்காகாமல் இருக்க, கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கை மேலே கட்டியிருந்தாள். அந்தச் சாக்குத் துணியில் தேயிலைக் கறை கறுப்பாகப் படிந்திருந்தது. நேராக எங்கள் பக்கம் வந்து நின்று, கேமராவைப் பார்த்தாள். நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்து, கூந்தலை ஒதுக்கினாள். பிறகு சிரித்தாள். முழு முகமும் சிரித்தது. இடது கன்னத்தில் குழி விழுந்தது. அம்மாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதையே நான் மறந்துவிட்டிருக்கிறேன். கூச்சமாவது ஒன்றாவது! படம் பிடிக்கச் சொல்லிக் கேட்கிற சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். இப்போது எனக்கு இருக்கிற வயதுகூட அவளுக்கு இல்லை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்.

"அம்மா, அங்கிட்டுப் போம்மா. படங்கோட வந்து வீடியோவுல நிக்கிற. டீச்சர்மாருங்க பாக்குறாங்க, எனக்கு மானம் போகுது."

அது என் குரல்.

அம்மாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. சிரிப்போடேயே குரல் வந்த பக்கம் திரும்பினாள். "சரி புள்ள, சரி" என்றாள். படங்கை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, படத்தை விட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு வெறும் பந்தலும் ஒரு வாழைமரமும்தான் இருந்தன.

மற்ற மூன்று கல்யாணமும் இதற்குப் பிறகு நடந்தவை. நான் சொன்னதை மறந்தேவிட்டேன். அம்மா சாகும்வரை மறக்காமல் இருந்திருக்கிறாள்.

தனுஷிகா படத்தை நிறுத்தினாள். வெளியே மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இந்த முகத்த பெருசா பிரிண்ட் போட்டுத் தர்றேன் டீச்சர். எக்ஸிபிஷன்ல போடுறப்ப சத்தத்த மட்டும் எடுத்துறவா? யாருக்கும் தெரியாது" என்றாள் மெதுவாக.

எடுத்துவிடு என்றுதான் வாயில் வந்தது. ஊரே வந்து பார்க்கும். என் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள், முன்பு என்னிடம் படித்தவர்கள் வருவார்கள். என் மகள் வருவாள். சத்தம் இல்லாவிட்டால், சிரித்துவிட்டுத் தானாகவே விலகிப் போகிற ஒரு கூச்சக்காரியைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். நான் இத்தனை வருஷமாகச் சொன்ன அதே கதைதான்.

"வேணாம் புள்ள. சத்தம் இருக்கட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு, சுவரில் ஒட்டும் அட்டை ஒன்றை எடுத்தாள். "அம்மா பேரு என்னா டீச்சர்?"

"பேச்சியம்மா" என்றேன். அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்குக் கீழயே எழுது புள்ள, பேசுறது அவங்க மக வினோதா அப்படின்னு."