கோழிக்கு நீண்ட வரிசை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. மிஸ் கார்மேட்டா ஒரு கேள்வி கேட்டார். போகலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். எழுதுகிற சனத்துக்கு அது வராது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தீவின் சவானா-லா-மார் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருடைய சாப்பாட்டுக்கடை. மதியத்துக்கு நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். திங்கட்கிழமை என் முன்னால் தட்டு வைப்பதற்குப் பதிலாகக் கைபேசியை வைத்தார்.

“இங்க பாரு பிள்ளே, நீதான எழுத்தாளரு. இதப் படிச்சிட்டு, போலாமா வேணாமான்னு சொல்லு.”

இங்கிலாந்தில் இருக்கும் தங்கை லோர்னா அனுப்பிய செய்தி. நெக்ரில் கடற்கரையில் ஒரு மலிவு விடுதி. பெரியவர்களுக்கு மட்டும். தங்கல், சாப்பாடு, குடி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம்.

“உன் வீடும் வேணாம், நான் வாங்கிப் போட்ட வீடும் வேணாம்க்கா. மூணு நாள் அங்க இருப்போம். நீ உக்காந்து சாப்பிடணும், எந்திரிக்கவே கூடாது. வெள்ளிக்குள்ள சொல்லு, ரூம் போயிரும்.”

அக்காவும் தங்கையும் பேசி நான்கு வருஷம் ஆகிறது.

2

தொடக்கம் ஒன்று: நெக்ரில் கடல் காலையில் பச்சையாகவும், உச்சிவேளையில் நீலமாகவும், மாலையில்—

வேண்டாம். இது விடுதிக்காரர்கள் எழுதுகிற தொடக்கம். (மிஸ் கார்மேட்டா கடலைப் பார்ப்பதே மீன்காரன் வந்துவிட்டானா என்று பார்க்கத்தான்.)

தொடக்கம் இரண்டு: ஒரு பானை ஆட்டுக்கறி, யாரும் தொடாமல் ஆறிப்போனது.

இதுதான் சரியான தொடக்கம். நான்கு வருஷத்துக்கு முன், அவர்களுடைய அப்பா இறந்த ஒன்பதாம் நாள். ஊரே கூடிப் பாடி, டொமினோ ஆடி, வயிறு நிறையச் சாப்பிட்டு, போனவரை வழியனுப்பும் நாள். மிஸ் கார்மேட்டா விடியலிலிருந்து அடுப்படியில் நின்று ஆட்டுக்கறியும் தலைக்கறி சூப்பும் சமைத்து முடித்தபோது, வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளைத் துணி, பளபளக்கும் பாத்திரங்கள், தொப்பி போட்ட ஆட்கள். லோர்னா யாரிடமும் சொல்லாமல் டவுனிலிருந்து வரவழைத்த விருந்து. வந்தவர்கள் மரியாதைக்காக அந்தப் பக்கம் போய் நின்றார்கள். இந்தப் பானை மூடியபடியே இருந்தது.

அந்தக் கறியை அவர் பிறகு என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் தைரியமில்லை.

3

விடுதியை எடைபோட வேண்டுமே. தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதியதைச் செவ்வாய்க்கிழமை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“துண்டெல்லாம் மெல்லிசாம்.”

“என் வீட்டுத் துண்டு மட்டும் கம்பளியாக்கும்.”

“ஏசி ராத்திரி முழுக்க உறுமுதாம்.”

“லோர்னா குறட்டைய நீ கேட்டதில்ல.”

“ரம்முல தண்ணி கலக்குறாங்களாம்.”

“அடப் பாவிங்களா!” என்றார், உண்மையான வேதனையோடு.

“கடல் நல்லாருக்காம். வேலை செய்றவங்க தங்கமாம். சின்னப் பசங்க ஒருத்தரும் கிடையாதாம், அதனால அமைதியாம்.”

இதற்கு அவர் மூடியிருந்த பானையைத் திறந்து மறுபடி மூடினார். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அவர்களை அதட்டிக்கொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாளை ஓட்டிவிடலாம். பெரியவர்களுக்கு மட்டும் என்றால், எதிரே லோர்னா மட்டும்தான்.

4

கதையில் எனக்குச் சந்தேகம் வந்தது லோர்னா மேல்தான். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வாயால் கேட்டது. முதல் பிரதியில் அவளுக்குப் பெரிய தொப்பியும் சிறிய மனசும் கொடுத்திருந்தேன். எழுதும்போது சுகமாக இருந்தது. மறுநாள் படித்தால் அவள் நடக்கவே இல்லை, அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நின்றாள்.

பர்மிங்காமில் முதியோர் இல்லத்தில் அடுத்தவர்களுக்கு ஊட்டிவிட்டே முதுகு போனவள் அவள். ‘நீ உக்காந்து சாப்பிடணும், எந்திரிக்கவே கூடாது’ என்ற வரியை மிஸ் கார்மேட்டா எப்படிப் படித்தார் என்றால்: ‘உன் சமையல் இப்போதும் வேண்டாம்.’ எனக்கு வேறு மாதிரி கேட்டது: ‘நீ நின்றது போதும்.’

“அன்னைக்கு அடுப்படியில நின்னப்ப உங்களுக்குக் கால் வலிச்சுதா?” என்று கேட்டேன்.

“வலியா? ரெண்டும் பூசணிக்கா கணக்கா வீங்கிக் கிடந்துச்சு.”

“லோர்னா பாத்தாங்களா?”

“அவதான முந்தின நாளு தைலம் தேச்சு விட்டா.”

சொல்லிவிட்டு, கரண்டியைப் பானையிலேயே மறந்துவிட்டார். அடியில் சோறு பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் கிளறினார். எனக்கு லோர்னாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. தொப்பியை எடுத்துவிட்டேன்.

5

வியாழன். கதையில் இரண்டு பேரையும் விடுதிக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மணிக்கட்டில் விடுதியின் அடையாளப் பட்டை கட்டியாயிற்று. வாதுமை மர நிழலில் இரண்டு நாற்காலி. அதற்குமேல் கதை நகரவில்லை.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் கோபம் தீர்ந்தது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஒரு தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, வேலியோரம் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாங்கிக்கொண்டால் முடிந்தது. ஆனால் எல்லாம் அடக்கம் என்கிற இடத்தில், கொடுக்க என்ன இருக்கிறது? ‘என் பங்கையும் நீ சாப்பிடு’ என்றால் சிரிப்பார்கள்.

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றார் மிஸ் கார்மேட்டா. “அங்க போயி அவளுக்கு நான் என்னத்தக் குடுக்க? வெறுங்கையோட மூணு நாளு உக்காந்திருக்கவா?”

வேண்டாம் என்றே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிவுக்குப் பலம் சேர்க்க, இருந்ததிலேயே மோசமான குறையைத் தேடிப் படித்தேன்.

“ஒருத்தர் ஒரே ஒரு நட்சத்திரம்தான் குடுத்திருக்காரு. கடற்கரையில சுட்ட கோழி குடுக்குற குடிசை ஒண்ணு இருக்காம். நீண்ட வரிசையாம். கொதிக்கிற வெயில்ல நிக்க வேண்டியிருந்துச்சாம்.”

“நிக்கணுமா?”

“ஆமா.”

“நிழல் கிடையாதா?”

“ஒரு கீத்துகூட இல்லையாம்.”

“ஒருத்தரே ரெண்டு தட்டு வாங்கலாமா?”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் அப்படி ஒளிர்ந்து நான் பார்த்ததில்லை. கட்டணத்தில் அடங்காத ஒன்று, வெயிலில் நிற்பது, அந்த விடுதியில் இருந்தது. அதை நான் குறை என்று படித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

6

வெள்ளி. மூன்று முடிவுகளோடு போனேன்.

முதல் முடிவில் லோர்னா தட்டை வாங்கிக்கொண்டு அழுகிறாள்.

“அவளா? உப்பு ஜாஸ்தின்னு சொல்லுவா.”

இரண்டாவதில், ‘எந்திரிக்காதன்னு சொன்னேன்ல!’ என்று அவள் கத்த, சண்டை மறுபடி ஆரம்பிக்கிறது.

“நடக்கும்” என்றார். “அடுத்தது?”

மூன்றாவதில், வரிசையில் நாலு பேருக்கு முன்னால் ஏற்கெனவே லோர்னா நிற்கிறாள், கையில் இரண்டு தட்டு.

இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. மிஸ் கார்மேட்டா மூக்கை உறிஞ்சினார். “ரொம்ப இனிக்குது பிள்ளே. கொஞ்சம் மிளகா போடு.”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். “நீ எழுதுனது போதும். என்னைய அந்த வரிசையிலயே விட்ரு.” ஒரு விரலால், உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே தட்டினார்:

“வர்றேன். நீ உக்காந்திரு. கோழி நான் வாங்கியாறேன்.”

அனுப்பிவிட்டுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. மூன்று புள்ளிகள் துள்ளின: லோர்னா எழுதுகிறாள். நின்றது. மறுபடி எழுதுகிறாள். திரும்பவும் நின்றது. அவளும் என்னைப்போலத் தொடக்கங்களை அழித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவரைக்கும் அவளைப் பற்றி அக்கா சொன்னார், நான் சொன்னேன். முடிவையும் நான் சொன்னால் நியாயமில்லை. நீங்களும் யாருக்கோ தைலம் தேய்த்திருப்பீர்கள், அதையே மறந்து அவர்கள் உங்களோடு பேசாமல் இருந்திருப்பார்கள்.

புள்ளிகள் இன்னும் துள்ளுகின்றன. அக்கா குனிந்து நிற்கிறார். லோர்னாவின் கைபேசி உங்கள் கையில்.